குளிக்காதவர் யார்?

அத்தியாயம் ஐந்து

ஒருவர் இன்று குளித்தாரா இல்லையா என்பதை அவரிடமே கேளாமல் அறிய வேண்டுமானால் மூக்கைத் தவிர வேறு துணை இல்லை. அந்தத் துணையை நம்பித்தான் ரேடியோ அன்று காலை மீட்புப் படகுக் கொட்டகையில், படகு மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால், மலரை ஆராயும் வண்டு போலக் குனிந்து நின்றான்.

மெக்கானிக் திரும்பினார். "என்ன தம்பி, முதுகுல ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்லண்ணே. இது படகு வாசனையா, உங்க வாசனையான்னு ஒரு சின்னச் சந்தேகம்."

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் ஒரே டீசல்." தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்துவிட்டு, கொட்டகைக்கு வெளியே இருந்த குழாயைக் காட்டினார். "காலையில அங்கதான் வாளி வாளியா ஊத்திக்கிட்டேன். போகவே மாட்டேங்குது. வெட்டவெளியில குளிக்கிற ஆளு நான். நான் தெருமுனையில வரும்போதே என் வீட்டுக்காரிக்கு மூக்கு சொல்லிடும்."

ரேடியோ அவரை மனத்துக்குள் விடுதலை செய்தான். அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. அணைக்கும் பொத்தான் இல்லாத வாயைக் கேட்டுக் கேட்டு ஊரார் சூட்டிய பெயரே நிலைத்தது. முப்பது வயதாகியும் அவன் வாய் ஓயவில்லை.

"இவர் இல்ல சித்தி," என்றான், வாசலில் நின்ற வக்கீலம்மாவிடம். "இவருக்குக் குளிக்க இடம் இருக்கு. குளிச்சும் பயனில்லை, அது வேற."

வக்கீலம்மா அவன் தாயின் தங்கை. நீதிமன்றத்தில் விடையைப் பாடம் செய்துகொண்டு வருகிறவர்களையே கேள்வி கேட்டுச் சலித்து, கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். அவர் கேட்கும் கேள்விகள் அந்தாதி போன்றவை. ஒருவர் சொன்ன விடையின் கடைசிச் சொல்லிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும்.

அன்று அவர்களுக்கு முன் இருந்த வழக்கு, அத்தையைக் காணவில்லை என்பது.

நூறாண்டுகளுக்கு முன், மூடுபனி கவிந்த ஒரு விடியலில், துறைமுக வாயிலின் பாறையில் மோதி மூழ்கியது அந்தப் பெருங்கலம். அதன் முகப்பில் நின்ற மரப்பதுமையை மூன்றாண்டுகளுக்கு முன் முக்குளிப்போர் மேலே கொணர்ந்தார்கள். நெற்றிக்கு மேல் கை வைத்துத் தொலைவை நோக்கும் பெண்ணுருவம். பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாத பிள்ளைகளைத் திட்டுவதற்காகவே வாசலில் நிற்பவளைப் போன்ற அந்த முகத்தைக் கண்ட நாள்முதல் ஊரே அவளை அத்தை என்றது. கடலடியில் ஊறிய மரம் காற்றில் காய்ந்தால் பிளந்து உதிர்ந்துவிடும். ஆகவே அருங்காட்சியகத்தின் பின்னறையில், மருந்து கலந்த நீர்த்தொட்டியில், அவளை ஆண்டுக்கணக்காகப் படுக்க வைத்திருந்தார்கள். கலம் மூழ்கியதன் நூற்றாண்டு விழா இன்று மாலை. முந்தாநாள் காலையில் பார்த்தால் தொட்டியில் நீர் மட்டுமே இருந்தது.

பூட்டு உடையவில்லை. ஊரறிந்த ஒரே சாவி, இரவில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் காவலாளியின் இடுப்பில் இருந்தது. அருங்காட்சியகக் குழுவின் தலைவர் அத்தனை பேர் முன்னிலையிலும் காவலாளியைக் கைநீட்டிக் குற்றம் சாட்டினார். மாலை விழா தொடங்கும் வரை கெடு. அதற்குள் அத்தை கிடைக்காவிட்டால் காவலாளியைக் கைது செய்து அழைத்துப் போகக் காவல் ஆய்வாளர் அருங்காட்சியக அலுவலக அறையில் அமர்ந்திருந்தார். காவலாளியின் மனைவி, உடுத்திய சேலையோடு ஓடிவந்து வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவர் ஒரு பென்சில்கூட எடுத்துட்டு வந்ததில்லம்மா. வேலை போனாக்கூடப் பரவாயில்ல. திருடன்கிற பேரோட எப்படி அவரு தெருவுல நடப்பாரு?"

வக்கீலம்மா பின்னறைக்குப் போய் வெறுந்தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தூசி விழாதபடி தொட்டிமேல் மூடி திரும்ப வைக்கப்பட்டிருந்தது. அத்தையின் மேல் கிடந்த ஈரச் சாக்குகளையும் காணவில்லை.

"பார்த்தியா? திருடினவங்க போர்வை போர்த்திக் கூட்டிட்டுப் போயிருக்காங்க," என்றார். "விக்கிறதுக்காக எடுத்தவன் சாக்கைத் தூக்கி எறிஞ்சிருப்பான். மூடியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இவங்களுக்கு அத்தை மேல உயிரு. அப்படின்னா அத்தை இப்பவும் தண்ணியிலதான் இருக்காங்க."

"கிணத்துலயா?"

"இறக்கும்போது இடிச்சா கை ஒடிஞ்சிடும். படுக்க வைக்கணும். நல்ல தண்ணி வேணும், மாத்திக்கிட்டே இருக்கணும், பக்கத்துல ஆள் இருந்து பார்த்துக்கணும், வெளியில தெரியவும் கூடாது. வீட்டுக்குள்ள அப்படி ஒரு இடம்தான் இருக்கு."

"குளியலறை!"

"அங்க அத்தை படுத்திருந்தா, அந்த வீட்டுக்காரங்க எங்க குளிப்பாங்க?"

துப்பு முழுவதும் அவ்வளவுதான்.

முதல் ஐயம் இயல்பாகவே மரடாக்டர் மேல் விழுந்தது. அத்தையின் நீரை மாற்றி, மருந்து கலந்து, மாதந்தோறும் சிறு பாரந்தூக்கியால் உயர்த்திப் புரட்டிப் பார்ப்பவள் அவளே என்பதால் ஊரார் அளித்த பட்டம் அது. விழா மேடையில் அத்தையை நீரைவிட்டு எடுத்து விளக்கொளியில் நிறுத்துவது என்று தலைவர் முடிவெடுத்தபோது, அவள் கூட்டத்திலேயே எழுந்து நின்று, "மாலைக்குள்ள வெடிக்க ஆரம்பிச்சிடும் சார்" என்று கத்தியிருந்தாள். விழா முடியும்வரை அருங்காட்சியகப் பக்கமே வரக்கூடாது என்று அவளுக்குத் தடை போட்டார் தலைவர். ஆனால் ஆய்வாளர் அவள் வீட்டை அலசியபோது, ஒருவர் நின்றால் மற்றவர் மூச்சுவிட இடமில்லாத குளியலறையே இருந்தது. அவள் தலையோ அப்போதுதான் குளித்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

எனவே ஐயத்துக்கு இடம் தராமல் ஊரைச் சுற்ற, வருகையாளருக்கான கப்பல் நடையில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கையில் சிறு கொடியேந்திய வழிகாட்டிப் பெண் முன்னே நடக்க, வெயிலுக்குக் குடைபிடித்த கூட்டம் பின்னே தொடர, மூழ்கிய கலத்தோடு தொடர்புடைய இடங்களை ஒவ்வொன்றாகக் காண்பது அந்த நடை. அத்தைமேல் உயிரை வைத்தவர்கள் எல்லாம் அந்த வழியில்தான் வேலை பார்க்கிறார்கள் என்பது வக்கீலம்மாவின் கணக்கு.

படகுக் கொட்டகைக்குப் பின் கலங்கரை விளக்கம். "அன்னைக்கு விளக்கு எரிஞ்சுது. ஆனா மூடுபனியில வெளிச்சம் பாறை வரைக்கும் போகலை," என்றாள் வழிகாட்டி. விளக்கின் அடிவீட்டிலிருந்து கூச்சல் எழுந்தது. ரேடியோ எட்டிப் பார்த்தான். குளியலறைக் கதவின் முன் விளக்குக் காவலரின் மனைவி, மாமியார், மகள்கள் மூவர், துண்டும் சோப்புமாக வரிசையில் நின்றார்கள். உள்ளே மருமகன்.

"மாப்பிள்ளை, பாட்டு பாடினது போதும், வெளிய வாங்க!" என்றாள் மாமியார்.

"இதோ வந்துட்டேன் பாட்டி, தலைக்கு ஊத்திட்டு இருக்கேன்!"

"தலையில அவ்வளவு இல்லையேப்பா!"

ரேடியோ சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான். "இங்க அத்தை இருந்தா, இந்நேரம் அவங்க கையிலயும் சோப்பைக் குடுத்து வரிசையில நிறுத்தியிருப்பாங்க."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அலுவலக அறையின் மூலையில், முழங்காலில் கைகளை ஊன்றி, எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்த காவலாளியின் முகம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை போலும். "வா," என்றார்.

மூன்றாம் இடம் மாலுமி விடுதி. கடலிலிருந்து மீட்கப்பட்டவர்களை அன்று கொண்டுவந்து சேர்த்த இடம். நீண்ட கூடமொன்றின் நடுவில் வழிகாட்டி கொடியை உயர்த்தினாள்.

"குளிர்ல விறைச்சுப் போய் வந்தாங்க. பேச்சே வரலை. இந்தக் கூடத்துல பெரிய பெரிய இரும்புத் தொட்டி இருந்தது. வெந்நீரை ஊத்தி, ஆளைக் கழுத்து வரைக்கும் படுக்க வச்சாங்க. பலபேர் பிழைச்சது அதனாலதான்."

கூடம் வெறுமையாகக் கிடந்தது. தரையில் மட்டும் நான்கு நான்காக வெளிறிய வட்டங்கள். தொட்டிகளின் கால்கள் காலங்காலமாக நின்ற சுவடுகள். வக்கீலம்மா அவற்றையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை ரேடியோவுக்குத் தெரியும். இனி தனக்கு மானம் மிஞ்சாது என்பதற்கான அறிகுறி அது.

"படு," என்றார்.

"எங்க சித்தி?"

"அந்த நாலு வட்டத்துக்கு நடுவுல."

"இத்தனை பேர் பார்க்கிறாங்க. நான் கல்யாணம் ஆனவன்."

"படுடா."

படுத்தான். கூட்டத்தில் ஒருவர் இதுவும் நடையின் ஓர் அங்கமென்று கருதிப் படம் எடுத்தார். ரேடியோவின் பாதங்கள் கீழ் வட்டங்களைத் தொட, தலைக்கு அப்பால் மேல் வட்டங்களுக்கு இன்னும் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இருந்தது.

"அத்தை உன்னைவிட எவ்வளவு உயரம்?"

"ஒரு முழம் இருக்கும். போன வருஷம் தொட்டி பக்கத்துல நின்னு..." சொல்லிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "சித்தி! கடையில விக்கிற தொட்டி எதுலயும் நானே முட்டியை மடக்கித்தான் உட்காருவேன். அத்தைக்கு முட்டி மடங்காது!"

"அதான். நாம தப்பாத் தேடினோம். எல்லார் வீட்டுக் குளியலறையையும் தேடத் தேவையே இல்ல." அவர் வழிகாட்டியிடம் திரும்பினார். "ஏம்மா, இந்தத் தொட்டியெல்லாம் இப்ப எங்க?"

"குழாய் மாத்தினப்போ பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க மேடம். உடைச்சு உருக்கியாச்சு. ஒண்ணுதான் தப்பிச்சுது."

"அது?"

"பாரம்பரியச் சின்னம், உருக்கவிடக் கூடாதுன்னு சொல்லி, நம்ம தலைவர்தான் தன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. அவர் தினமும் அதுலதான் குளிக்கிறாராம். மேடையில பேசும்போதெல்லாம் சொல்லுவாரு."

ரேடியோவின் வாய் திறந்தது. ஒலி வரவில்லை. அவன் வாழ்நாளில் அத்தகைய தடங்கல் அரிது. அன்று காலை அருங்காட்சியக வாசலில் தலைவர் அவர்களைக் கடந்து சென்றபோது வீசிய மணம் அவன் நினைவில் மீண்டும் எழுந்தது. வாசனைத் திரவியத்தில் முக்கியெடுத்தாற்போல் வந்தார். ரேடியோ மும்முறை தும்மினான். ஊரெல்லாம் அலைந்து முகர்ந்த மூக்கு, தானாக வந்து மோதிய மணத்தைத் தும்மலாகச் செலவழித்துவிட்டிருந்தது.

தலைவர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. நெடிய, அமைதியான பெண்மணி. முந்தானை முனை ஈரமாக இருந்தது.

"அவர் இல்லையே. விழா ஏற்பாட்டுக்குப் போயிருக்காரு."

"தெரியும்மா. நடந்து வந்ததுல ஒரே புழுதி. கொஞ்சம் முகம் கழுவிக்கலாமா?" என்றார் வக்கீலம்மா.

"குளியலறைக் குழாய் ரிப்பேர். முந்தாநாள்ல இருந்து தண்ணி வரலை. சமையலறையில கழுவிக்கோங்க."

"பாவம், அதனாலதான் உங்க வீட்டுக்காரர் சென்ட்டுலயே குளிச்சிட்டு வர்றாரா?" என்றான் ரேடியோ.

அம்மையாரின் உதடு துடித்தது. சிரிப்பா, அச்சமா என்று பிரித்தறிய முடியவில்லை. வக்கீலம்மா அதற்குள் முன்கூடத்துச் சுவரை நோக்கி நடந்திருந்தார். அருங்காட்சியகத் திறப்புவிழாப் படங்கள் அங்கே வரிசையாகத் தொங்கின. நடுவே கண்ணாடிச் சட்டமொன்று. அதற்குள் பட்டு நாடா கட்டிய சாவி. திறப்புவிழாவில் தலைவர் கதவைத் திறந்த சாவி என்று கீழே எழுதியிருந்தது. சட்டம் சற்றே சாய்ந்திருந்தது. வக்கீலம்மா அதை மெல்லத் திருப்பினார். பின்பலகையின் ஆணிகள் புதிதாகப் பிடுங்கப்பட்டு, விரலால் அழுத்தி வைக்கப்பட்டிருந்தன.

"எல்லாரும் இடுப்புல இருந்த சாவியைத்தான் பார்த்தாங்க," என்றார் வக்கீலம்மா. "இதை நினைவுப் பரிசுன்னே நினைச்சிட்டாங்க. உங்க வீட்டுக்காரரும்தான். ஆனா பூட்டை மாத்தவே இல்லையே."

உள்ளேயிருந்து நீர் விழும் ஓசை கேட்டது. பழுதாகிய குழாய் நன்றாகவே பாடியது.

அம்மையார் ஒரு பெருமூச்சோடு வழிவிட்டார். குளியலறையில், சிங்கக் கால்களுடைய நெடிய இரும்புத் தொட்டியில், ஈரச் சாக்குகளைப் போர்த்தி, நெற்றிக்கு மேல் கை வைத்துக் கூரையை நோக்கிப் படுத்திருந்தாள் அத்தை. பக்கத்தில் முக்காலி போட்டு, நீருக்குள் வெப்பமானியைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள் மரடாக்டர்.

"அக்கா, யாரு அது?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே உறைந்தாள்.

"அக்காவா?" என்றான் ரேடியோ.

"என் கூடப் பிறந்த தங்கச்சி," என்றார் அம்மையார். "மூணு வருஷமா இந்த மரத்தைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டா. மேடையில நிறுத்தினா வெடிச்சிடும்னு அவர்கிட்ட கெஞ்சினா, அழுதா. நானும் சொன்னேன். 'வர்றவங்க தண்ணித் தொட்டியையா பார்ப்பாங்க'ன்னு கேட்டாரு. விழா முடியட்டும், மறுநாளே கொண்டுபோய் வச்சிடலாம்னு நான்தான் சொன்னேன். அவர் வெளியூர் போன நேரம் பார்த்து, அவரோட வேன்லயே கொண்டுவந்தோம். பாரந்தூக்கியை இவ ஓட்டினா. சாவி என் யோசனை."

"காவலாளி?"

"அவருக்கென்ன? ரெண்டு நாள் லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரே."

வக்கீலம்மா ஈரச் சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "அந்த மனுஷன் ரெண்டு நாளா அலுவலக அறையில உட்கார்ந்திருக்காரு. பக்கத்துல போலீஸ். விழா ஆரம்பிச்சதும் கூட்டிட்டுப் போகப் போறாங்க. திருடன்னு உங்க வீட்டுக்காரர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

வெப்பமானி மரடாக்டரின் கையிலிருந்து நழுவி நீருக்குள் விழுந்தது. "எனக்கு அந்தப் பக்கமே போகத் தடை மேடம். சத்தியமா எனக்குத் தெரியாது." "தினமும் காலையில நான் வேலைக்கு வரும்போது அந்தக் காவலாளிதான் கதவைத் திறந்து, 'அத்தை நல்லாத் தூங்கினாங்க டாக்டர்'னு சொல்லுவாரு. அக்கா, வா, இப்பவே போய் நாமதான்னு சொல்லிடலாம்."

"நீ இரு. தண்ணியைப் பாரு," என்றார் அக்கா. தொலைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தார். "உடனே வீட்டுக்கு வாங்க. குழாய் சரியாயிடுச்சு."

தலைவர் மணத்தை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே வந்தார். தோளில் துண்டோடு குளியலறைக்குள் நுழைந்தவர், தம் தொட்டியில் படுத்திருந்தவளைக் கண்டு, துண்டால் நெஞ்சை மூடிக்கொண்டார். அந்நிய மாதர் குளிக்குமிடத்தில் புகுந்துவிட்ட ஆடவரின் பதற்றம் அது. பின்னர்தான் அவருக்கு விளங்கியது. முகம் சிவந்தது; வெளுத்தது; மீண்டும் சிவந்தது.

"என் வீட்டுலயா? என் தொட்டியிலயா?"

"உங்க வேன்ல, உங்க சாவியில," என்று பட்டியலை நிறைவுசெய்தான் ரேடியோ.

"போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க," என்றார் மனைவி. "நான் சேலை மாத்திட்டு வர்றேன். ஆனா அந்தக் காவலாளி முதல்ல வெளிய வரணும்."

தலைவர் மனைவியைப் பார்த்தார், மைத்துனியைப் பார்த்தார். கடைசியில் அத்தையைப் பார்த்தார். அருகில் நின்று அவர் அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். தோளருகே ஓடிய மயிரிழை போன்ற விரிசலை விரலால் தொடப்போனார்; மரடாக்டர் "தொடாதீங்க மாமா" என்றதும் கையை இழுத்துக்கொண்டார்.

"இது எப்ப வந்தது?"

"போன மாசம் படம் எடுக்கணும்னு கொஞ்ச நேரம் வெளிய வைக்கச் சொன்னீங்களே. அப்ப."

"இப்ப என்ன பண்றது?" என்றார் தலைவர், வக்கீலம்மாவிடம். குரலில் மேடை இல்லை.

"அத்தையைப் பழைய தொட்டிக்கே கொண்டுபோங்க. மேல கண்ணாடி போடுங்க. வர்றவங்க தண்ணியிலயே பார்க்கட்டும். நூறு வருஷமா அவங்க இருந்த இடம் அதுதானே? அது சுலபம். இன்னொண்ணுதான் கஷ்டம்."

மாலை வெயில் சாயும் வேளையில் அருங்காட்சியகப் படிகளின் கீழே கூட்டம் திரண்டிருந்தது. சட்டத்திலிருந்து எடுத்த சாவியால் தலைவரே கதவைத் திறந்துவிட, பின்வாசல் வழியே அத்தை தொட்டிக்குத் திரும்பியிருந்தாள். அலுவலக அறையில் ஆய்வாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழ, தலைவர் காவலாளியின் தோளில் கை வைத்து, "தப்பு நடந்துபோச்சுப்பா. மனசுல வச்சுக்காதே," என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

காவலாளி எழுந்தார். அவர் மனைவிதான் முன்னே வந்தாள்.

"ஐயா, திருடன்னு சொன்னது இந்த ரூமுக்குள்ள வச்சா? வெளிய, எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதையும் அங்கேயே வந்து சொல்லுங்க."

ரேடியோ வாயைத் திறந்தான். வக்கீலம்மா அவன் காலை மிதித்தார்.

தலைவர் படிகளுக்கு வந்தார். எழுதி வைத்த உரை சட்டைப்பையிலேயே இருந்தது. ஒலிபெருக்கியின் முன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தை இரண்டு நாள் தம் வீட்டில் இருந்தாள் என்றும், தம் வீட்டில் மாட்டியிருந்த சாவியால்தான் கதவு திறக்கப்பட்டது என்றும், நேர்மையான ஒரு மனிதரை ஆராயாமல் திருடன் என்றது தம் குற்றம் என்றும் சொன்னார். கூட்டம் சலசலத்தது. படகு மெக்கானிக் முதலில் கைதட்டினார். தலைவருக்காகவா, காவலாளிக்காகவா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் காவலாளியைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

காவலாளி சீருடையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு கதவருகே போய்த் தம் இடத்தில் நின்றார். விருந்தினரை வணங்கி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். மரடாக்டர் வந்தபோது, "அத்தை நல்லாத் தூங்கினாங்களா டாக்டர்?" என்று அவர் கேட்க, அவள் அவரைக் கைகூப்பி வணங்கினாள்.

கடைசியாகத் தலைவர் வந்தார். வழக்கம்போல நேரே உள்ளே நுழையப் போனவரின் முன்னால், மரியாதை சற்றும் குறையாமல், காவலாளியின் கை நீண்டது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.

"அந்த இன்னொரு சாவி, ஐயா."

உள்ளே சென்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் சட்டைப்பையைத் துழாவினார். முதலில் உரை வந்தது. பிறகு கைக்குட்டை. அதன்பின், பட்டு நாடா கட்டிய சாவி.

காவலாளி அதை வாங்கி, நாடாவை அவிழ்த்துத் தலைவரிடமே கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் தம் வளையத்தில் கோத்துக்கொண்டார்.

"இப்ப உள்ள போகலாம், ஐயா."